யார் குப்பையானாலும் அள்ளுகிறவர்

அந்த ஆபீசில் வேலை பார்த்த மூன்றரை வருடத்தில் ஒரு கிளாஸ் டீயைக்கூட நான் கடைசி மடக்கு வரை குடித்ததில்லை. டீயை மேஜையில் வைத்துவிட்டு, திரையில் இரண்டு வரி படித்துவிட்டுக் கை நீட்டினால் கிளாஸ் இருக்காது. அவர் எடுத்துக்கொண்டு போய்க் கழுவிக் கவிழ்த்திருப்பார். "கால் கிளாஸ் இருந்துச்சே சார்" என்று கேட்டால், "ஆறிப் போயிருந்துச்சும்மா" என்பார். ஆறியிருக்காது. ஆனால் கழுவிக் கவிழ்த்த கிளாஸை வைத்துக்கொண்டு நான் எதை நிரூபிப்பது?

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் புதிதாக முளைத்த தெரு ஒன்றில், ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருந்தது எங்கள் ஆபீஸ். மொத்தம் எட்டுப் பேர். ஊரில் உள்ள லாட்ஜுகளுக்கும், செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்கள் தங்குகிற விடுதிகளுக்கும் ரூம் புக்கிங் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்து, அது படுத்துக்கொண்டால் எழுப்பி விடுவது எங்கள் பிழைப்பு. முதலாளி முன்பு லாட்ஜ் நடத்தியவர். கம்ப்யூட்டரைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அது ஓடுகிறதா, ஓடவில்லையா என்பது மட்டும்.

நான் சொல்ல வந்தவர் முதலாளி இல்லை. எங்கள் மூத்த புரோகிராமர். அந்த சாஃப்ட்வேரின் அஸ்திவாரம் முழுக்க அவர் கை வைத்தது. ஐம்பதை நெருங்கிய வயது, நெற்றி நிறைய விபூதி, சட்டைப் பையில் எப்போதும் மடித்து வைத்த ஒரு மஞ்சள் துணி. பேனா வைக்கிற இடத்தில் துடைக்கிற துணியை வைத்திருந்த புரோகிராமரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. யார் மேஜைக்கு வந்தாலும் முதலில் துடைப்பார், பிறகுதான் பேசுவார். பேசும்போதும் பெரும்பாலும் ஒரே வசனம்தான்: "குப்பை யாரோடதுன்னு பாக்கக் கூடாதும்மா. கண்ணுல பட்டா அள்ளணும்."

ஒருநாள் காலை முழுக்க உட்கார்ந்து, புதிதாகச் செய்யப்போகிற ஒரு வேலையின் வரைபடத்தைச் சுவரிலிருந்த வெள்ளைப் பலகையில் போட்டு முடித்தேன். போட்டோ எடுத்துக்கொள்ள போனைத் தேடி மேஜைக்கு வந்து திரும்பினால், பலகை பளபளவென்று இருக்கிறது. அவர் பக்கத்தில் நின்று துணியை உதறிக்கொண்டிருக்கிறார். "முடிஞ்சிருச்சுன்னு நெனச்சேன்மா" என்றார். அவர் முகத்தில் துளி குற்ற உணர்ச்சி இல்லை. நல்ல காரியம் செய்த களைதான் இருந்தது. அதைப் பார்த்தபின் திட்டுவதற்கும் மனசு வராது, மன்னிப்பதற்கும் வராது.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி வெயில் தாழ அவர் கிரிவலம் கிளம்புவார், கையில் ஓர் உரச் சாக்கோடு. மக்கள் தின்றுவிட்டுப் போடுகிற தொன்னைகளைப் பொறுக்கிக்கொண்டே பதினான்கு கிலோமீட்டரும் நடப்பார். நல்ல விஷயம்தான், நான் மறுக்கவில்லை. எங்கள் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலேயே இருக்கிறது. ஒரு பௌர்ணமி எங்கள் தெருக்காரர்கள் சாம்பார் சாதம் கொடுத்துக்கொண்டிருந்தபோது அவர் வந்து சேர்ந்தார். ஆந்திராவிலிருந்து வந்த ஒரு பெரியவர் ஓரமாக நின்று இரண்டாவது வாயை மென்றுகொண்டிருந்தார். இவர் அவர் கையிலிருந்த தொன்னையை வாங்கி, சாதத்தோடு சாக்கில் போட்டுவிட்டு, கும்பிட்டுவிட்டு நகர்ந்தார். பெரியவர் வாயில் சோறோடு தன் காலிக் கையைப் பார்த்தார். பிறகு தெலுங்கில் ஏதோ சொன்னார். எனக்குத் தெலுங்கு தெரியாது. ஆனால் நன்றாகவே புரிந்தது.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். அவர் அள்ளுகிற குப்பையில் இன்னொரு ரகம் உண்டு. அடுத்தவர் பழி.

எங்களோடு இருந்த ஒருவன் ஒருமுறை ஒரே அறையை ஒரு பிரெஞ்சுக்கார அம்மாவுக்கும் ஐதராபாத் குடும்பம் ஒன்றுக்கும் ஒதுக்கித் தொலைத்தான். விடுதிக்காரர் போனில் கத்தினார். இவர் போனை வாங்கி, "தப்பு என்னுதுதாங்க, மன்னிச்சுக்குங்க" என்றார். தப்பு செய்தவன் பக்கத்தில் உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்தான். முதலாளி அதைக் கேட்டுவிட்டு உருகிப்போனார். அதிலிருந்து யார் என்ன சொதப்பினாலும் இவர் எழுந்து நின்று "என் தப்புதான் சார்" என்பார்; முதலாளி "சரி சரி, உக்காருங்க, யாருன்னு எனக்குத் தெரியாதா" என்று சிரிப்பார். வாரத்துக்கு ஒருமுறையாவது நடக்கும். அதில் அவருக்கு ஒரு சுகம் இருந்தது என்று நான் சொன்னால் பொறாமை என்பீர்கள். இருக்கட்டும். தவற்றை ஒப்புக்கொள்ளத் தயங்காத மனிதர் என்று அவருக்குப் பெயர். அவர் ஒப்புக்கொண்டதில் ஒன்றுகூட அவருடைய தவறு இல்லை என்பதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. தனக்கென்று சொந்தமாக ஒரு தவறு இருக்கலாம் என்று அவருக்கே தோன்றியிருக்காது.

வைகாசிப் பௌர்ணமியன்று மத்தியானம் எங்கள் சாஃப்ட்வேர் முதல்முறையாக விழுந்தது. ஆனியிலும் விழுந்தது. பௌர்ணமிக்கு முந்திய நாளும் பிந்திய நாளும் ஒரு தொந்தரவும் இல்லை. அன்று மட்டும், கூட்டம் அறை கேட்டு நெருக்கியடிக்கிற நேரம் பார்த்து, ஊரில் எல்லா லாட்ஜிலும் ஒரே சமயத்தில் திரை அப்படியே நின்றுவிடும். மூன்று நிமிஷம் கழித்து உயிர் வரும். பிறகு மறுபடி நிற்கும். கவுன்டரில் நிற்கிற கூட்டத்துக்கு அந்த மூன்று நிமிஷம் போதும், மேஜையைத் தட்ட.

ஏன் நின்றது என்பதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கவுன்டரில் ரசீது கேட்டால், எங்கள் பெரிய புரோகிராம் தன்னையே அச்சு அசலாகப் பிரதி எடுத்து ஒரு பிள்ளையைப் பெறும். பேரன்ட், சைல்ட் என்றுதான் எங்கள் தொழிலில் சொல்வோம். தாய், பிள்ளை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு வேலை அந்த ஒரு ரசீதை அச்சடிப்பது. அடித்ததும் அதன் ஆயுசு முடிந்தது. அது அமைதியாகச் செத்தால் தாய் கண்டுகொள்ளாமல் அடுத்ததைப் பெறும். தாறுமாறாகத் துடித்துச் செத்தால் மட்டும் தாய்க்குப் பயம் வந்துவிடும். தனக்கும் ஏதாவது ஆகியிருக்குமோ என்று எல்லாவற்றையும் இழுத்து மூடி, முதலிலிருந்து திறக்கும். அந்த மூன்று நிமிஷம் அதுதான்.

ரசீது அச்சடிக்கிற பகுதியை எழுதியது நான். அதைச் சேர்த்தது வைகாசியில். எல்லா லாட்ஜுக்கும் பொதுவான எங்கள் சர்வர் எழுதி வைக்கிற குறிப்பில், ஒவ்வொரு சாவுக்கும் முன் கடைசி வரி "ரசீது அச்சடிக்கப்பட்டது" என்று இருந்தது. முதலாளிக்கு அது போதும். கடைசியாக யார் கையில் இருந்ததோ அவர்தானே உடைத்திருக்க வேண்டும்?

"லாட்ஜ்காரங்க எல்லாம் சேந்து வந்து உக்காந்துட்டாங்கம்மா" என்றார் முதலாளி. "தப்பு பண்ணவங்கள வெச்சிக்க மாட்டேன்னு வாக்கு குடுத்துட்டேன். ஆடிப் பௌர்ணமிக்குள்ள யார் தப்புன்னு தெரிஞ்சாகணும். உன்னுதுன்னா நீ வேற எடம் பாத்துக்க."

வேறு இடம் என்றால் சென்னைதான். இந்த ஊரில் என் வேலைக்கு அந்த ஒரு மாடிதான் இருந்தது. சென்னையில் நல்ல வேலையை விட்டுவிட்டு நான் ஊருக்கு வந்ததே அப்பாவுக்காக. வாரம் மூன்று நாள் அவருக்கு டயாலிசிஸ். விடிந்ததும் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார வைத்து ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டுவிட்டு, ஆபீஸ் வந்து, மதியம் சாப்பாட்டு நேரத்தில் போய் வீட்டில் இறக்கிவிடுவேன். அம்மாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. தம்பி துபாயில். அதனால் அந்த வேலை போனால் எனக்குப் போவது வேலை மட்டும் இல்லை.

ஒரு புரோகிராம் செத்தால் சர்வர் அதன் பிணத்தை ஒரு பெரிய ஃபைலாக எடுத்து வைக்கும். கோர் ஃபைல் என்போம். அதைத் திறந்து அறுத்துப் பார்த்தால், உயிர் போன நொடியில் அது என்ன செய்துகொண்டிருந்தது என்று தெரிந்துவிடும். நான் தேடினேன். ஒன்றுகூட இல்லை. இரண்டு பௌர்ணமியிலும் அத்தனை சாவு விழுந்திருக்கிறது, ஒரு பிணம் கிடைக்கவில்லை. இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகு அவரிடம் கேட்டேன்.

"கோர் ஃபைல் ஒண்ணும் உழலயா சார்?"

"உழும்மா, நெறைய உழும். ஒண்ணொண்ணும் யானை மாதிரி. நான்தான் பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் தானாவே பெருக்கற மாதிரி எழுதி வெச்சிருக்கேன்" என்றார் பெருமையாக. "டிஸ்க் எப்படி இருக்கு பாரு, கண்ணாடி மாதிரி!"

எனக்கு அங்கேயே அவர் சட்டைப் பையிலிருந்த துணியைப் பிடுங்கி எறிய வேண்டும் போல இருந்தது. என் மேஜைக்குத் திரும்பி வந்துவிட்டேன்.

சோதனைக்கென்று இருந்த இன்னொரு கம்ப்யூட்டரில் அந்தப் பெருக்குகிற புரோகிராமை நிறுத்திவிட்டு, பௌர்ணமி மத்தியானம் வருகிற அளவுக்குப் பொய்யாக புக்கிங்குகளை அனுப்பினேன். பதினொன்றரை மணி சுமாருக்கு முதல் பிள்ளை செத்தது. பிணம் கிடந்தது. அதைப் பார்த்ததில் எனக்கு ஏற்பட்ட ஆனந்தத்தை வெளியே சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்வார்கள். அது அப்பாவை அழைத்துவரும் நேரம். அவரை வீட்டில் இறக்கிவிட்டு ஒன்றரை மணிக்குத் திரும்பினேன். ஃபைல் இல்லை.

"அந்த மெஷின்ல ரெண்டு ஜிபி சும்மா கெடந்துச்சும்மா" என்றார் அவர். "யாரோடதுன்னு தெரியல. அழிச்சுட்டேன்."

"சார், அது என்னோடது."

"சொல்லியிருந்தா எடுத்து வெச்சிருப்பேனே" என்று வருத்தப்பட்டார். நிஜமாகவே வருத்தப்பட்டார். பிறகு என் கீபோர்டைத் துடைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் அடுத்த பிணம் விழுந்ததும், பென் டிரைவில் ஏற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டுதான் நாற்காலியை விட்டு எழுந்தேன்.

அறுத்துப் பார்க்கும்போது, என் தவறாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான். இல்லை. பிள்ளை ரசீதை ஒழுங்காக அச்சடித்திருந்தது. என் வேலை முடிந்து, அது வாசலை நோக்கித் திரும்பிய பிறகுதான் உயிர் போயிருந்தது. வாசலில் அதைப் பிடித்து நிறுத்தியது ஒரு பட்டியல். "போகும்போது செய்ய வேண்டியவை." தாய் புரோகிராம் ஓடத் தொடங்கும்போதே அவர் அதன் கையில் கொடுத்து அனுப்புகிற பட்டியல் அது: நீ கிளம்பும்போது பிடித்து வைத்த நினைவகத்தை எல்லாம் ஒன்றுவிடாமல் விடுவித்துவிட்டுப் போ.

தாய்க்கு அது சரி. பிள்ளை தாயின் அச்சு அசல் பிரதி அல்லவா, பட்டியலும் அதன் கையோடு பிறந்துவிட்டது. "நீயும் போகும்போது செய்" என்று பிள்ளைக்கும் தனியாக ஒரு வரி எழுதி வைத்திருந்தார் மனிதர். ஒரு ரசீது கொடுக்க வந்த பிள்ளை, போகிற போக்கில் தாய் வீட்டையே ஒழித்துக்கட்ட உட்கார்ந்துவிட்டது. தாய்க்கு உள்ளே ஓர் எடுபிடி உண்டு. நினைவகத்தை எடுப்பதும் வைப்பதும் அவன் வேலை. பிரதி எடுக்கும்போது எடுபிடி கூட வருவதில்லை. அவன் பாதியில் போட்ட வேலை மட்டும் அப்படியே வரும். சாதாரண நாளில் அவன் சும்மா இருப்பான், ஒன்றும் ஆகாது. பௌர்ணமியன்று அவனுக்கு மூச்சுவிட நேரமில்லை, எல்லாம் பாதியில் கிடக்கும். அவன் பாதி விடுவித்ததை இந்தப் பிள்ளை இன்னொரு முறை விடுவிக்கப்போய், அங்கேயே விழுந்து செத்தது. என் ரசீது வருவதற்கு முன்பெல்லாம் காலையில் அறை நிலவரம் அனுப்ப நாளுக்கு ஒரே ஒரு பிள்ளைதான் பிறக்கும்; அதனால் இத்தனை வருடம் யாருக்கும் தெரியவில்லை.

அந்த வரிக்கு மேல் அவர் ஒரு குறிப்பும் எழுதியிருந்தார். "யார் திறந்திருந்தாலும் போகும்போது மூடு." படித்துவிட்டு நான் சத்தமாகச் சிரித்தேன். சிரித்து முடிக்கும்போது அழுகை வந்தது. வேலை பிழைத்தது என்ற நிம்மதி.

அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். அன்று அவர் என் மேஜையைத் துடைக்கவில்லை.

"என்னுதுதான்" என்றார் கடைசியில். "அப்ப என்ன பண்ணணும்?"

"அந்த ஒரு வரிய எடுத்துட்டா போதும் சார். பிள்ளை வேலைய முடிச்சதும் எதையும் தொடாம நேரா வெளிய போயிடணும்."

"பெருக்காமலேவா?"

"அது பிள்ளையோட குப்பை இல்ல சார். தாயோடது. தாய் இன்னும் உள்ள உக்காந்து புழங்கிட்டு இருக்கா."

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. வாசலில் செருப்பை உதறாமல் கோயிலுக்குள் போகச் சொன்ன மாதிரி இருந்தது. "எப்படிம்மா மனசு வரும்" என்று முனகினார். வரியை நான்தான் எடுத்தேன். சாயங்காலம் வரை பொய்ப் பௌர்ணமியை ஓட்டிப் பார்த்தோம். ஒரு பிள்ளையும் துடிக்கவில்லை.

யார் எழுதியது என்பதற்குச் சான்றாகப் பழைய குறிப்புகளை அச்செடுக்கப் போனேன். எந்த வரியை யார் எப்போது எழுதினார்கள் என்று எங்கள் கம்ப்யூட்டரில் பதிவாகியிருக்கும். இரண்டு வருடத்துக்கு முந்தியது எதுவும் இல்லை. "பழசெல்லாம் ஜாஸ்தியா சேந்துபோச்சும்மா, ஒண்ணா மடிச்சு ஆபீஸ் பேர்ல போட்டுட்டேன்" என்றார். பிறகு, "அதுக்கென்ன, நானே சார்கிட்ட சொல்றேன். என் தப்புக்கு நீ ஏன் போகணும்?" என்றார். அந்த ஒரு நிமிஷம் அவர்மேல் எனக்கு நிஜமான மரியாதை வந்தது. அத்தனை கிளாஸ் டீயையும் மன்னித்துவிட்டேன்.

மறுநாள் காலை முதலாளி அறையில் இருவரும் நின்றோம். நடந்ததை நான் சொன்னேன். தாய், பிள்ளை, பட்டியல் என்று நான் அடுக்க, முதலாளி பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார். "அதெல்லாம் எனக்குப் புரியாது. யார் தப்பு?"

"என் தப்பு சார்" என்றார் அவர்.

முதலாளி சிரித்தார். "நீங்க அப்படித்தான் சொல்வீங்கன்னு தெரியும்."

"இல்ல சார், நெசமாவே என்னுது. ஆறு வருஷம் முன்னாடி நான் எழுதின வரி."

"ஆறு வருஷமா ஓடினது, இந்தப் பொண்ணு கைவெச்சதும் உழுந்துச்சா?" முதலாளி என் பக்கம் திரும்பினார். "பாரும்மா. மனசுன்னா இது."

நான் குறுக்கிட்டேன். "சார், அவர் சொல்றது நெசம் சார். அந்த வரிய அவர்தான் எழுதினாரு."

முதலாளியின் முகம் சிவந்தது. "அவரு உனக்காகத் தலையக் குடுக்கறாரு. நீ அவர் மேலயே பழி போடறியா? கொஞ்சமாவது நன்றி வேணாம்?"

"சார், பொண்ணு மேல தப்பில்ல சார்" என்றார் அவர். மூன்றாவது முறை. குரல் நடுங்கியது. அந்த நடுக்கம்தான் கெடுத்தது. முதலாளி நாற்காலியை விட்டு எழுந்து, மேஜையைச் சுற்றி வந்து, அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நீ இந்த மாசத்தோட நின்னுக்கம்மா" என்று என்னைப் பார்க்காமலே சொன்னார். அவரைப் பார்த்து, "உங்கள மாதிரி ஒருத்தர் கெடைக்க நான் போன ஜென்மத்துல புண்ணியம் பண்ணியிருக்கணும் சார்" என்றார். கண் கலங்கியிருந்தது. சம்பளம் கொடுக்கிற முதலாளி அவரை சார் என்று அழைத்து நான் கேட்டது அன்றுதான்.

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் ஒரு முறை, கொஞ்சம் சத்தமாக, கையை உதறிவிட்டுச் சொன்னால் போதும். அவர் காது மடல் சிவந்தது. தலை மெதுவாகத் தாழ்ந்தது. உதட்டோரம் ஒரு சிரிப்பு, அவர் வேண்டாம் வேண்டாம் என்று தடுத்தும் வந்துவிட்ட மாதிரி, வந்து உட்கார்ந்தது. வாயைத் திறந்தார்.

"எல்லாம் அந்த அண்ணாமலையார் செயல் சார்" என்றார்.

ஆடிப் பௌர்ணமிக்கு சாஃப்ட்வேர் ஒருமுறைகூட விழவில்லை என்று கேள்விப்பட்டேன். நான் அப்போது சென்னையில், வேளச்சேரியில், நான்கு பெண்களோடு ஓர் அறையில் இருந்தேன். வாரம் மூன்று நாள் விடியற்காலையில் எழுந்து, அடி அண்ணாமலையில் இருக்கிற ஆட்டோக்காரர் எழுந்துவிட்டாரா என்று போன் செய்கிறேன். சில நாள் எடுக்கிறார், சில நாள் எடுப்பதில்லை.